ஒரு சிரட்டை மண்ணும் இரண்டு பூட்டன்மாரும்

“மண்ணத் தொடுறவன், மண்ணக் கொண்டாந்தவனோட பேரனா இருக்கணும். அதுதான் மொற” என்று சொல்லித் தம் கைத்தடியைக் கோயில் வாசலுக்குக் குறுக்கே நீட்டினார் சடையன் கங்காணி.

“அதத்தானே மச்சான் நானும் சொல்றேன்” என்றார் என் அப்பா, அந்தத் தடியின் மறுமுனையைப் பற்றிக்கொண்டு.

கொள்கையளவில் இருவருக்குமிடையே அணுவளவும் வேறுபாடு இருக்கவில்லை. கைத்தடி மட்டும் நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கலஹாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், முப்பதுகளின் நடுவே ஒரு மாசி மாதத்து மாலை அது. கடைசிக் கொழுந்து நிறுவை முடிந்து, கூடைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். தேயிலை ஆலையான ஸ்டோரின் மேல்மாடியில் வாடப் போட்டிருந்த கொழுந்தின் மணம் காற்றில் இறங்கி வந்து, கோயில் கற்பூரத்தோடு கலந்துகொண்டிருந்தது. இன்றும் அந்த இரண்டு மணங்களும் சேர்ந்து வந்தால், யாரோ இருவர் ஒரே கருத்தைச் சொல்லிச் சண்டை பிடிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

கல்லூரி விடுதியின் சாப்பாட்டைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். நான் சமையற்காரருக்கு அநீதி இழைத்துவிட்டதாக மாத்தளை வாசகர் ஒருவர் வருந்தியிருக்கிறார். இருபக்க நியாயங்களையும் மீண்டும் சீர்தூக்கிப் பார்த்தேன். பருப்பு விடயத்தில் நான் எழுதியதை மாற்றிக்கொள்வதற்கில்லை. ஆனால் அதே விடுதியில் காதில் விழுந்த ஒரு வேடிக்கைச் சொற்றொடரை அப்போது எழுத மறந்துபோனேன். அதற்கும் இந்தக் கைத்தடிக்கும் உறவு உண்டு.

லொறி திரும்ப இடம் வேண்டும்

மாரியம்மன் கோயில் என்று நாங்கள் சொன்னது ஒரு தகரக் கூரையையும் அதன் கீழிருந்த மஞ்சள் பூசிய கல்லையும்தான். ஸ்டோருக்குப் போகும் பாதையின் முடக்கில் அது இருந்தது. காப்பிக் காலத்தில் அந்தப் பாதையில் மாட்டு வண்டிதான் திரும்பியது. தேயிலைப் பெட்டிகளுக்கு லொறி வந்தபின், ஒவ்வொரு முறையும் அது ஆத்தாளின் கூரையில் உரசிவிட்டே திரும்பியது. பங்குனிக்கு முன் கோயிலை மேட்டுக்கு மாற்றிக்கொள்ளுமாறு துரை சொல்லியனுப்பினார். மேட்டில் இடமும் தந்தார். அதில் எவருக்கும் குறையில்லை.

சிக்கல், கல்லுக்கு அடியில் இருந்தது.

எங்கள் மக்கள் ஊரை விட்டுப் புறப்படும்போது, அங்குள்ள குலதெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வருவார்கள். அதைப் பிடிமண் என்பார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் புதைத்துக் கல் நட்டால், தெய்வமும் கூடவே வந்துவிட்டதாகக் கணக்கு. அந்த மண்ணைப் பிறகு இடம் மாற்ற நேர்ந்தால், கொண்டுவந்தவரின் வழிவந்தவரே தம் கையால் எடுக்க வேண்டும். எடுத்தவரின் குடும்பத்துக்கே திருவிழாவில் முதல் திருநீறு.

மண்ணைக் கொண்டுவந்தவர் தம் தாத்தா வேலாயுதம் என்றார் அப்பா. இல்லை, தம் தாத்தா கருப்பையா என்றார் சடையன் கங்காணி. இரு தாத்தாமாரும் மருதங்குடி என்ற ஒரே ஊரிலிருந்து, ஒரே கூட்டத்தில், மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். இருவருமே தத்தம் பேரர்கள் விவரம் அறியுமுன் காய்ச்சலில் போய்விட்டார்கள். இடம் மாற்றும் பேச்சு வரும்வரை எந்த ஏற்பாடும் இல்லாமல், பூசாரி ஒரு வருடம் இவருக்கும் மறுவருடம் அவருக்கும் முதல் திருநீறு கொடுத்துச் சமாளித்து வந்தார். லொறிதான் அந்தச் சமாதானத்தையும் உரசிவிட்டது.

சடையன் கங்காணி பெரிய கங்காணி. அவருக்குப் பெரிய வீடு இருந்தது. துரை நின்று பேசும் ஆள். அப்பாவோ சில்லறைக் கங்காணி. கங்காணிமாருக்குப் பழைய மதிப்புக் குறைந்துகொண்டு வந்த காலம் அது. அடுத்த ஆண்டு, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் அப்பாவின் பெயரைக் கூப்பிடப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தலைப்பாகையைக் கழற்றிவைத்த பின்பும் நாலு பேர் முன்னிலையில் தம்மை முன்னால் நிறுத்தக்கூடியது அந்த ஒரு பிடி மண்தான் என்று அவர் நம்பினார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் தலைப்பாகையைத் தாமே துவைத்துத் தாமே உலர்த்தினார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சடையன் கங்காணி என் அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். ஆகவே வழக்கில் நின்ற பூட்டன்மார் இருவருமே எனக்குப் பூட்டன்மார். எவர் வென்றாலும் எனக்கு வெற்றி. எவர் தோற்றாலும் வீட்டில் எனக்குச் சோறில்லை.

“படிச்ச புள்ள. பழைய கடதாசியெல்லாம் பார்த்து உண்மையைச் சொல்லட்டும்” என்றார் மாமா.

“எம் மகன் உண்மையத்தான் சொல்வான்” என்றார் அப்பா. இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், உண்மை என்னவென்பது ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது.

கறையானுக்கு அகரவரிசை தெரியாது

அப்போது நான் பட்டம் பெற்றுக் கண்டியில் ஒரு பாடசாலையில் ஆசிரியனாகச் சேர்ந்த புதிது. எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் வைராக்கியம். தாள்களைத் தொகுத்து வைக்க ஒரு கோவை வாங்கி, அதன்மேல் ‘வேலாயுதம், கருப்பையா ஆகியோரின் வருகையும் வாழ்வும்: ஆதாரங்களின்படி ஓர் ஆய்வு’ என்று எழுதினேன். அம்மா அந்தத் தலைப்பை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “இத முடிக்கிறதுக்குள்ள ஆத்தா தானே எழுந்திரிச்சு மேட்டுக்குப் போயிருவா” என்றாள்.

முதலில் தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். பழைய பெயர்ப் பதிவுகள் ஸ்டோர்ப் பரணில் இருந்தன. பெரிய கிளாக்கர் என்னோடு ஏணியில் ஏறி, ஏட்டுக்கட்டை அவிழ்த்தார். பாதி தூளாகக் கொட்டியது.

“கறையானுக்கு அகரவரிசை தெரியாது தம்பி. எல்லாப் பேரையும் சமமாத் தின்னிருக்கு” என்றார்.

எஞ்சிய ஏடுகளில் வேலாயுதங்கள் பலர் இருந்தார்கள். கருப்பையாக்கள் அதைவிடப் பலர். பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அன்புக்கு அது நல்லது, ஆராய்ச்சிக்கு ஆகாது. ஓர் ஏட்டில் வேலாயுதம் பிறக்கிறார், அடுத்ததில் வேலைக்குப் பேர் பதிகிறார், மூன்றாவதில் மீண்டும் பிறக்கிறார்.

பிறகு கண்டியில் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தேன். அப்பாவின் தந்தை பிறந்ததைக் கண்டுபிடித்தேன். தகப்பன் வேலாயுதம், தொழில் தோட்டக் கூலி, கைநாட்டு. மை பரவிய அந்தப் பெருவிரல் ரேகையின்மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவர் விரல் பெரியது. பதிவாளர் தொண்டையைச் செருமியதால் கையை எடுத்துக்கொண்டேன். கருப்பையாவின் ரேகையும் வேறோர் ஏட்டில் அகப்பட்டது. அரசாங்கம் இருவருக்கும் பிள்ளை பிறந்ததை ஒப்புக்கொண்டது. மண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. அக்காலத்தில் வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பில் எங்கள் ஆள்களைச் சேர்ப்பது பற்றிய விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. இந்நாட்டிலேயே நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டினால்தான் பெயர் ஏறும். ஞாயிறுதோறும் நான் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று விளக்குவேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்பார்கள். உத்தியோகத்தர் வந்து, “உங்க ஊர் எது?” என்று கேட்டதும், நெஞ்சை நிமிர்த்தி, “மருதங்குடிங்க, திருச்சிராப்பள்ளிப் பக்கம்” என்பார்கள்.

மருதங்குடியை அவர்களில் எவரும் கண்டதில்லை. அவர்களைப் பெற்றவர்களும் கண்டதில்லை. ஆனால் ஊர் எது என்று ஒருவர் கேட்கும்போது, நின்றுகொண்டிருக்கும் இடத்தைச் சொல்வது ஊரில்லாதவன் சொல்லும் பதில் என்பது அவர்கள் எண்ணம். சென்ற முறை அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கேட்காமலே, அங்கே கரிசல் மண் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவர் பெயர் இடாப்பில் ஏறவில்லை.

அன்றிரவு நான் குடியுரிமையைப் பற்றி நீண்ட விரிவுரை நிகழ்த்தினேன். “நான் பொய் சொல்லலையே தம்பி” என்றார் அப்பா.

சட்டி ஆற்றில் போனது

கோவை தடித்தது, உண்மை தடிக்கவில்லை. தோட்டத்தில் பிளவு முற்றியது. மேல் லயத்துப் பெண்களும் கீழ் லயத்துப் பெண்களும் பீலிக்கரையில் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தினார்கள். மாமா வீட்டுக் கலியாணம் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு வெற்றிலை வரவில்லை. அம்மா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அம்மி மட்டும் சற்றுப் பலமாகப் பேசியது.

இந்த நிலையில் ஒருநாள் கண்டி மார்க்கெட்டருகே நிஸாமைச் சந்தித்தேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவர்கள் குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை. கைத்தடி விவகாரம் முழுவதையும் கேட்டுவிட்டு, விடுதியில் எவர் சண்டையிட்டாலும் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொன்னார்.

“வெளங்கிட்டு மாஸ்டர். சட்டி ஆத்துல பொயித்து.”

அவரிடமிருந்து எத்தனையோ முறை அதைக் கேட்டிருக்கிறேன். விளையாட்டுக் குழுவுக்கு எவர் தலைவர் என்ற சண்டையில், சன்னலோரக் கட்டில் எவருக்கு என்ற சண்டையில். அது என்ன சட்டி, எந்த ஆறு என்று அன்றுதான் கேட்கத் தோன்றியது.

“அது எங்கட ஊட்டுப் பேச்சி. புள்ளைகள் சண்ட புடிச்சா உம்மா செல்லுவாங்க. ரெண்டு தோட்டத்து ஆளுகள் ஒரு சட்டிக்கு அடிபட்ட கத. முழுசா வாப்பாக்குத்தான் தெரியும்” என்றவர், பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். “மாஸ்டர், ஒங்கட ஆளுகள் எந்த வழியால வந்த?”

திரைக்குப் பின்னால் ஒரு திருத்தம்

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பின் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய வாப்பா காசிம் ஹாஜியார் கதிரையில் சாய்ந்திருந்தார். உள்வீட்டு வாசலில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் நிஸாமின் உம்மா இருப்பதை வளையல் ஓசை சொல்லிற்று. சன்னலுக்கு வெளியே மகாவலி, பழுப்பு நிறத்தில் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“பாலம் வர முந்தி இங்க தோணிதான் மகன்” என்று தொடங்கினார் ஹாஜியார். “எங்கட மூத்தவாப்பாட வாப்பா மீராலெவ்வைக்கு தொறையடில ஒரு கட ஈந்திச்சி. ஒரு மழ நாளு, மன்னார்க் காட்டால நடந்து வந்த கூட்டம் ஒண்டு தோணில ஏறினாங்க. அதுல ரெண்டு வாலிபனுகள். ஒருத்தன்ட கைல சட்டி.”

“வெங்கலச் சட்டி” என்றது திரை.

“வெங்கலச் சட்டி. மத்தவன் செல்றான், இம்மட்டு தூரம் நீ தூக்கினாய், அக்கரையில எறங்கக்குள்ள நான்தான் தூக்குவன் எண்டு. இவன் குடுக்க மாட்டானாம். அவன் இழுக்க, இவன் இழுக்க...”

“தோணிக்காரன் ஏசினத்த செல்லல்ல.”

“தோணிக்காரன் ஏசினத்த புள்ளைகளுக்கு முன்னுக்கு செல்லேலா. சட்டி ஆத்துல பொயித்து.”

கரையேறிய இருவரும் நனைந்த கோழிகளைப்போல மீராலெவ்வையின் கடை வாசலில் உட்கார்ந்து அழுதார்களாம். கூட்டம் முன்னே நடந்துவிட்டது. ஊரிலிருந்து தெய்வத்தைக் கொண்டு வந்தவர்கள், அதை ஆற்றில் போட்டுவிட்டு எந்த முகத்தோடு மலையேறுவது? மீராலெவ்வை அவர்களுக்கு இஞ்சிக் கோப்பி கொடுத்தார். பிறகு ஆற்றங்கரையைக் காட்டி, மண் அங்கேயும் இருக்கிறதே என்றார்.

“ஒருத்தன் அவசரமா எழும்பிட்டானாம், அள்றத்துக்கு. மீராலெவ்வை அவன்ட தோளப் புடிச்சி இருத்தி, ‘நீ தனிய அள்ளினா நாளைக்கு நீதான் கொண்டந்த எண்டு செல்லுவாய். ரெண்டு பேரும் ஒண்டாப் புடிச்சி அள்ளுங்கோ’ எண்டு ஒரு தேங்காப் பாதியக் குடுத்திருக்கார்.”

“தேங்காப் பாதி இல்ல. துருவின செரட்ட” என்றது திரை. “தேங்காவோட குடுக்க அவர் என்ன பைத்தியமா?”

எனக்கு இன்னும் ஓர் ஐயம். அந்த இருவர் எங்களவர்கள்தாம் என்பதற்கு என்ன ஆதாரம்? ஹாஜியார் அதைக் கேட்பதற்காகவே காத்திருந்தவர்போலச் சிரித்தார்.

“கலகா பக்கம் போன ஆளுகள். அதுக்குப் பொறகு மாத்தள தேருக்குப் போற வழியில கடைக்கு வருவாங்க. ஒண்டா வாரல்ல. ஒரு வருஷம் வேலாயுதம், மறு வருஷம் கருப்பையா. வந்து மெதுவா கேக்கிற, ‘அவன் யாருக்கும் சொல்லிட்டானா?’ எண்டு. மீராலெவ்வை ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: ‘இன்னம் இல்ல.’”

பதிவேடுகளில் ஒரு ரேகையாக மட்டும் இருந்த என் பூட்டன்மார் இருவரும் அந்தக் கணத்தில்தான் எனக்கு முகத்தோடு தோன்றினார்கள். இரண்டு முகங்களையும் நான் கோயில் வாசலில், ஒரு கைத்தடியின் இருமுனைகளில் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

சேர்ந்து மறுத்தார்கள்

பேராதனையில் இறங்கிக் கலஹா பஸ் ஏறிய பின்பும் விளைவுகளை எடைபோட்டேன். உண்மையைச் சொன்னால் அப்பாவின் கடைசி மதிப்புப் போகும். மறைத்தால் லயங்களின் பிளவு அடுத்த தலைமுறைக்கும் போகும். பொதுநன்மை பெரிதா, தந்தையின் மனம் பெரிதா? பஸ் ஒவ்வொரு முடக்கிலும் என் முடிவை மறுபக்கம் சாய்த்தது.

அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். “பொறந்த வீடும் புகுந்த வீடும் ஒண்ணுதான்னு கட்டிக் குடுக்கிறப்பவே சொன்னாங்க. எதுலன்னு சொல்லல” என்றாள். பிறகு, “ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, சாப்பிட்ட பெறகு சொல்லு. பசியில எந்த ஆம்பளையும் உண்மையத் தாங்க மாட்டான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் லயத்து அறையான காம்பராவில் அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு இருவருக்கும் பிடித்தது என்பதும் ஒரு கருத்தொற்றுமையே. கை கழுவியபின் நான் கோவையைத் திறந்து, அடக்கமான சொற்களில் முழுவதையும் சொன்னேன்.



“கடக்காரரு வீட்டுக் கத” என்றார் மாமா. “எங்க தாத்தா கொண்டாந்தது வெங்கலக் கலயம். உள்ள கரிசல் மண்ணு.”

“ஆமா மச்சான், கரிசல் மண்ணுதான்” என்றார் அப்பா. “எங்க தாத்தா தூக்கிட்டு வந்தத எங்கப்பாவே சொல்லியிருக்காரு.”

“படிப்பு அதிகமானா இப்பிடித்தான்.”

“நானும் அதத்தான் யோசிக்கிறேன் மச்சான்.”

அந்த ஆண்டில் அவர்கள் இருவரும் மனமொத்துப் பேசியது அதுவே முதல் தடவை. என் ஆய்வின் உடனடிச் சமூகப் பயன் அது என்று கொள்ளலாம்.

கல் பெயர்ந்த காலை

மண் எடுப்பது எவர் என்று முடிவாகாமலே அந்த நாள் வந்துவிட்டது. பிரட்டுக்கு முன்னரே தோட்டம் முழுவதும் முடக்கில் கூடியது. மேல் லயம் மேலே, கீழ் லயம் கீழே. பனிமூட்டம் கால்களை மறைத்ததால் எல்லாரும் இடுப்பிலிருந்து தொடங்குபவர்களாகத் தெரிந்தார்கள். பறை நின்றது. பூசாரி கற்பூரம் காட்டினார். அலவாங்கு போட்டுக் கல்லை நெம்பினார்கள்.

அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். ஒருவர் கையை மற்றவர் தட்டிவிட்டார். இருவர் கைகளும் ஒரே பொருளைப் பற்றின. மேலே வந்தது வெண்கலக் கலயமன்று. கறுத்து இரும்பாய் இறுகிப்போன ஒரு சிரட்டை.

மூடிவைத்த ஓட்டுத்துண்டைப் பூசாரி எடுத்தார். உள்ளே கரிசல் இல்லை. வெளிறிய ஆற்று மணல். மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்த வெயில் பட்டதும் அது துகள் துகளாகப் பளபளத்தது.

பூசாரி சொன்னார்: “கரிசலப் பொன்னாக்கிட்டா ஆத்தா. எடுத்த கைக்காரன் யாரு? யாரு தாத்தா கொண்டாந்த மண்ணு? சொல்லுங்க, அவனுக்குத்தான் இந்தப் பொன்னு.”

பெண்கள் குலவையிட்டார்கள். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்க வேண்டுமா என்று எடைபோட்டுக்கொண்டிருந்தேன். எடைபோட்டு முடிவதற்குள் அப்பா பேசிவிட்டார்.

“பொன்னு இல்ல பூசாரி. காக்காப்பொன்னு. கட்டுகஸ்தோட்ட ஆத்து மணலு.” அவர் குரல் உயரவில்லை. “மண்ணக் கையில வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல மாட்டேன். எங்க தாத்தாவும் மச்சான் தாத்தாவும் தோணியில அடிச்சுக்கிட்டு, ஊருலருந்து கொண்டாந்தத ஆத்துல போட்டுட்டாங்க. இது ரெண்டு பேரும் சேந்து அள்ளுனது. எனக்குத் தனியா உரிமையில்ல.”

சொல்லிவிட்டு, தலைப்பாகையைக் கழற்ற ஒரு கையை உயர்த்தினார். ஆனால் சிரட்டை சாய்ந்தது. கையை மீண்டும் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது.

மாமாவின் கையும் மண்ணில்தான் இருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டினார். “மச்சான் சொல்றது நெசந்தான் போல” என்றார்.

கூட்டம் என்ன செய்யும் என்று அஞ்சினேன். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி முன்னால் நின்ற லெச்சுமி என்ற பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அப்ப ஆத்தாவுக்கும் மருதங்குடி தெரியாதா?” என்றாள். “அவளும் நம்ம மாதிரி இங்கனயே பொறந்தவதானா?”

மேல் லயத்தில் யாரோ சிரித்தார்கள். கீழ் லயத்திலும் சிரித்தார்கள். பூசாரி, மிகுந்த வருத்தத்தோடு, பொன்னைக் கைவிட்டார்.

“தூக்கு மச்சான்” என்றார் மாமா. “இந்தத் தடவையாவது கீழ போட்ராத.”

“போட்டது ஒங்க தாத்தா.”

“புடிச்சு இழுத்தது யாரு?”

இருவரும் ஒரே சிரட்டையைப் பற்றியபடி, வாதாடிக்கொண்டே மேட்டில் ஏறினார்கள். எவரும் அந்தச் சிரட்டையை அவர்களிடமிருந்து வாங்க முன்வரவில்லை. அந்தப் பங்குனியில் முதல் திருநீற்றைப் பூசாரி இரண்டு கைகளாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தார். அதற்காகக் கற்பூரத் தட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அம்மாதான் தட்டை வாங்கிப் பிடித்திருந்தாள்.

ஊர் எது?

என் கோவையின் முடிவுரையை நான் எழுதவேயில்லை. அதன் அட்டை நெடுநாள் எங்கள் வீட்டில் ஊறுகாய்ச் சாடிக்கு மூடியாக இருந்தது.

அடுத்த ஆண்டு இடாப்பு விசாரணைக்கு மீண்டும் உத்தியோகத்தர் வந்தார். பிரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தார்கள். அப்பா வரிசையில் நின்றார். அப்போது அவருக்குத் தோட்டத்தில் வேலையில்லை. ஆனாலும் வெளுத்த தலைப்பாகை கட்டியிருந்தார். தாம் பிறந்த இடம் இந்தத் தோட்டம் என்பதைச் சொல்லும்படி அவரிடம் காலையில் மீண்டும் ஒரு முறை நினைவூட்டியிருந்தேன்.

“உங்க ஊர் எது?” என்று கேட்டார் உத்தியோகத்தர்.

அப்பா வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கட்டுகஸ்தோட்டை” என்றார்.

அங்கே ஓடும் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்ததைத் தவிர அவருக்கு அந்த இடத்தோடு எவ்விதத் தொடர்பும் கிடையாது. திருத்துவதற்காக நான் ஓரடி முன்னால் வைத்தேன். அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

“கட்டுகஸ்தோட்டையில எங்க?”

“ஆத்தங்கரையில. தோணி வந்து நிக்கிற எடம்.”

உத்தியோகத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். அடுத்து நின்றவர் மாமா. அவரிடம் கேள்வியை முடிக்கவும் விடவில்லை.

“எனக்கும் அதே எடந்தாங்க” என்றார். “ஆனா தோணியிலருந்து மொதல்ல எறங்குனது எங்க தாத்தா. அதையும் எழுதிக்கோங்க.”